ரொக்கத்திற்கு மட்டும் விற்ற வணிகர்

சில்லறை வணிகத்தின் வரலாற்றைப் புரட்டும்போது, ஜேம்ஸ் கேஷ் பென்னி என்னும் அமெரிக்கரிடம் நாம் சற்று நின்றுவிடுகிறோம். ‘கேஷ்’ என்பது பட்டப்பெயர் அன்று. பெற்றோர் இட்ட பெயரே. 1875இல் மிசௌரி மாநிலத்து ஹாமில்டனில் பிறந்தார். தந்தை ஊதியம் பெறாத கிறித்தவப் போதகர். எட்டு வயதிலேயே மகனை அழைத்து, இனி உன் உடைக்கு நீயே சம்பாதித்துக்கொள் எனக் கூறிவிட்டார்.

கொலராடோ மாநிலத்து லாங்மாண்டில் பென்னி முதலில் நடத்தியது ஓர் இறைச்சிக்கடை. ஊரின் விடுதிதான் பெரிய வாடிக்கை. வாரந்தோறும் ஒரு புட்டி விஸ்கி தந்தால்தான் அவ்வாடிக்கை நிலைக்கும் என்றார் அதன் சமையற்காரர். ஒருமுறை கொடுத்த பென்னி, மனம் உறுத்தவே மறுமுறை மறுத்துவிட்டார். வாடிக்கை போயிற்று, கடையும் போயிற்று. ஒருமுறை கொடுத்ததையும் மறைக்காமல் அவரே பின்னாளில் சொன்னதால்தான் இச்செய்தியை நாம் நம்புகிறோம்.

பின்னர் ‘கோல்டன் ரூல்’ என்னும் ஜவுளிக்கடையில் ஊழியரானார். தனக்கு விரும்புவதைப் பிறருக்கும் விரும்பவேண்டும் என்பதே அப்பெயரின் பொருள், நமக்கும் புதிதன்று. அதன் உரிமையாளர்கள் இவருடைய உழைப்பைக் கண்டு, வயோமிங் மாநிலத்து கெம்மரர் என்னும் சுரங்க ஊரில் புதுக்கடை திறக்க மூன்றிலொரு பங்கு தந்தனர். அதற்கான 2,000 டாலரில் 500 அவருடைய சேமிப்பு. எஞ்சிய 1,500 கடன். 1902 ஏப்ரல் 14 அன்று கடை திறந்தது. குடும்பம் கடைக்கு மேலிருந்த பரணில் குடியிருந்தது.

அவ்வூர்த் தொழிலாளர்கள் சுரங்க நிறுவனத்தின் கடையில் கணக்கெழுதி வாங்கியே பழகியவர்கள். ரொக்கக் கடை அங்கே நிலைக்காது என்றே பலர் கருதினர். ஆனால் வாராக்கடன் இல்லாத கடை விலையைக் குறைக்க முடியும். முதல்நாள் விற்பனையே 466 டாலரைத் தாண்டிற்று.

நம்மை மேலும் கவர்வது அவருடைய பங்குமுறை. ஒரு கிளையின் மேலாளர் தம்மிடம் பயின்றவரைத் தகுதியாக்கிப் புதுக்கடைக்கு அனுப்பினால், அதில் அவருக்கும் பங்குண்டு. ஆளை வளர்ப்பதே இலாபமாயிற்று. கூட்டு வணிகப் பாடம் நடத்தும் நாம் இதை வியக்காமல் இருப்பது எப்படி? 1929க்குள் கிளைகள் ஏறத்தாழ 1,400 ஆயின.

அவ்வாண்டிலேயே பங்குச்சந்தை சரிந்தது. தம் நிறுவனப் பங்குகளை அடகு வைத்து அறப்பணிகளுக்கும் பிறவற்றிற்கும் பெருங்கடன் பெற்றிருந்தார் பென்னி. வாடிக்கையாளரிடம் கடன் வேண்டாம் என்றவரைத் தம் கடனே வீழ்த்தியது. செல்வம் கரைந்தது, உடல்நலமும் குன்றி மிச்சிகன் மாநிலத்து மருத்துவமனை ஒன்றில் கிடந்தார். நிறுவனம் மட்டும் நின்றது.

தேறியெழுந்து மீண்டும் கிளைகளைச் சுற்றிவந்தார். 1940இல் ஐயோவா மாநிலத்துக் கிளையொன்றில், மாதம் 75 டாலர் ஊதியத்தில் ஓர் இளைஞர் பணியாற்றினார். பின்னாளில் வால்மார்ட்டை நிறுவிய சாம் வால்டன்தான் அவர். அறுபதைக் கடந்திருந்த பென்னி அக்கடைக்கு வந்து, குறைந்த காகிதமும் குறைந்த நூலும் கொண்டு பொட்டலம் கட்டுவது எப்படி என்று தாமே கட்டிக் காட்டினார்.