மரக்கலத்தின் மூச்சு

மரக்கலம் செய்வோனின் முதற்கடமை நீரை வெளியே நிறுத்துதல். பலகைகளின் இடுக்குகளில் கலப்பற்று அடைப்பதும், அதன்மேற் குங்கிலியம் பூசுவதும், மேற்றளத்து வாயில்களை இறுக மூடுவதும் அதன் பொருட்டே. ஆனால் நீர் நுழையாத இடத்திற் காற்றும் நுழைவதில்லை. நீரை விலக்கிக் காற்றை மாத்திரம் உள்ளே அழைப்பது எவ்வாறு என்னும் வினா, பாயை மட்டும் நம்பிக் கப்பல்கள் ஓடிய காலத்திலும் கடலோடிகளை வருத்தியது. பாய்க்கப்பலின் வயிற்றில் எந்திரம் குடிபுகுந்த பின்னரும் வருத்தியது. இவ்வினாவுக்கு விடை கண்ட வரலாறு சுவையுடையது, படிப்பினையும் உடையது.

18ஆம் நூற்றாண்டின் போர்க்கப்பல்களில் நூற்றுக்கணக்கான மாலுமிகள் கீழ்த்தளங்களில் நெருங்கி உறங்கினர். கடல் கொந்தளிக்கும்போது பீரங்கி வாயில்கள் யாவும் அடைக்கப்படும். அடித்தட்டில் தேங்கிய நீரின் நாற்றமும் மனிதரின் மூச்சும் அங்கேயே நின்று புழுங்கும். இக்கேட்டினை ஆராய முற்பட்டவர்களுள் ஒருவர் இங்கிலாந்தின் ரெடிங்ரன் என்னும் ஊரிற் சமய குருவாக இருந்த ஸ்ரீபன் ஹேல்ஸ். தாவரங்களில் நீர் ஏறும் வகையை அளந்தும், குதிரையின் இரத்த அமுக்கத்தை அளந்தும் புகழ் பெற்றவர் அவர். ஒருமுறை வெளிவிட்ட மூச்சையே மீண்டும் மீண்டும் உள்ளிழுத்தல் உடலுக்குத் தீங்கு என உணர்ந்த அவர், கொல்லனின் துருத்தியை ஒத்த பெரும் மரப்பெட்டிகளை அமைத்தார். பெட்டியினுள் உள்ள பலகையை நெம்புகோலால் மேலும் கீழும் அசைத்தால், கெட்ட காற்று வெளியேறிப் புதுக்காற்று உள்ளே வரும். 1741இல் இலண்டன் றோயல் கழகத்தின் முன் இதனை எடுத்துரைத்த ஹேல்ஸ், 1743இல் நூலாகவும் வெளியிட்டார். ஏறக்குறைய அதே காலத்திற் சுவீடன் தேசத்து மார்ட்டின் திரிவால்ட் என்பவரும் கப்பலுக்குரிய காற்றுப்பொறி ஒன்றை இயற்றினார். ஹேல்சின் பொறி அடிமைகளை ஏற்றிச் சென்ற கப்பல்களிலும் பொருத்தப்பட்டது. விலங்கிட்ட மனிதரைச் சரக்காகக் கருதியவர்கள், அச்சரக்குக் கெடாதிருத்தற்காகவே காற்றைத் தேடினர் என்பது வரலாற்றின் கசப்பான பக்கமாகும்.

துருத்தியை இயக்க ஆட்கள் வேண்டும். ஆகவே மாலுமிகள் எளிய வழியொன்றையும் கையாண்டனர். பாய்த்துணியால் நீண்ட குழாய் தைத்து, அதன் வாயைக் காற்று வரும் திசைக்கு விரித்து, பாய்மரக் கயிறுகளிலிருந்து தொங்கவிட்டு, வாலைக் கீழ்த்தளத்தில் இறக்கிவிடுவர். இதற்கு ஆள் வேண்டியதில்லை; ஆனால் காற்று வேண்டும். அலை மேற்றளத்தின்மீது மோதத் தொடங்கினால் குழாயைக் கழற்றி வாயிலை மூடியே ஆகவேண்டும். மூச்சு மிகவும் வேண்டப்படும் வேளையில் மூச்சுக்குழல் அடைபடும் என்பதே இதிலிருந்த குறை.

20ஆம் நூற்றாண்டில் இக்குறை புதியதொரு வடிவம் பெற்றது. நோர்வே நாட்டிற் கொலின் ஆர்ச்சர் என்னும் கைவல்லோன் கட்டி 1892இல் நீரில் இறக்கிய 'பிராம்' என்னும் கப்பல், நான்செனைச் சுமந்து வடதுருவப் பனிக்கடலிற் பல்லாண்டு மிதந்த புகழுடையது. பாய்களோடு நீராவி எந்திரமும் அதில் இருந்தது. 1910இல் அமுந்சென் தென்திசைக்குப் புறப்படுமுன், நீராவி எந்திரம் அகற்றப்பட்டு, சுவீடனிற் செய்யப்பட்ட 180 குதிரை வலுவுள்ள டீசல் எந்திரம் அவ்விடத்திற் பொருத்தப்பட்டது. கொதிகலன் காயும்வரை காத்திருத்தல் ஒழிந்தது. கரி அள்ளிப் போடுவோரும் வேண்டியதில்லை. எரிபொருளுக்கு வேண்டிய இடமும் குறைந்தது. ஆயினும் பனிக்கும் அலைக்கும் எதிராக இறுக அடைக்கப்பட்ட மரக்கலத்தினுள், இடையறாது மூச்சு வாங்கும் புதிய குடியிருப்பாளன் ஒருவன் வந்து சேர்ந்தான்.

அவனுடைய மூச்சு சிறிதன்று. 1 கிலோகிராம் டீசல் முற்றாக எரிவதற்கு ஏறத்தாழ 14.5 கிலோகிராம் காற்று வேண்டும். அஃதாவது சுமார் 12 கன மீற்றர். இன்றைய பாய்ப்படகுகளில் உள்ள 2 லீற்றர் கொள்ளளவான நாலடிப்பு எந்திரம் ஒன்று நிமிடத்துக்கு 2,400 முறை சுழலுமாயின், நிமிடந்தோறும் சுமார் 2,400 லீற்றர் காற்றை உறிஞ்சும். இதனோடு வெப்பமும் சேர்கின்றது. எரிபொருளின் ஆற்றலில் ஏறக்குறைய மூன்றிலொரு பங்கே சுழலிக்குப் பயன்படுகின்றது. எஞ்சியதிற் பெரும்பகுதியைப் புகையும் குளிர்நீரும் கொண்டு செல்ல, ஒரு சிறு பங்கு எந்திர அறையிலேயே தங்கிவிடுகின்றது. காற்றுச் சூடேறினால் அடர்த்தி குறையும். அடர்த்தி குறைந்தால் எந்திரத்தின் வலுவும் குறையும். போதிய காற்றில்லாத எந்திரம் கரும்புகை கக்கும். இறப்பர்க் குழாய்களும் வார்களும் விரைவில் நலியும்.

அலையையும் காற்றையும் பிரித்தறியும் வாயில் ஒன்றை அமைத்துக் காட்டியது 'டொரேட்' என்னும் பாய்ப்படகு. அமெரிக்கராகிய ஒலின் ஸ்ரீபன்ஸ் வரைந்து, 1930இல் நீரில் இறங்கிய இப்படகின் நீளம் 52 அடி. 1931இல் அத்திலாந்திக் சமுத்திரத்தைக் கடந்து பிளிமத் துறைமுகத்தை அடையும் போட்டியில், சுமார் 17 நாளில் முதலாவதாக வந்தது. ஒலினுக்கு அப்போது வயது 23. அவர் தம்பி றொட் ஸ்ரீபன்ஸ் மாலுமிகளின் உறைவிடத்திற்காக 1930களின் தொடக்கத்தில் அமைத்த காற்றுப்பெட்டி, படகின் பெயராலேயே இன்றும் வழங்குகின்றது. காற்றுக் குழலின் வாய் நேரே தளத்தினுள் இறங்காது ஒரு பெட்டிக்குள் இறங்கும். பெட்டியின் வேறொரு பக்கத்தில், உள்ளே செல்லும் குழாய் சற்று உயர்ந்து நிற்கும். அலைநீர் பெட்டியின் அடியில் வீழ்ந்து சிறு துளைகளால் வெளியே ஓடும். காற்றோ திரும்பி உயர்ந்து குழாய்வழியே கீழிறங்கும். நீர் கனமானது, காற்று இலேசானது என்னும் எளிய உண்மையன்றி இதில் வேறு மாயமில்லை.

எந்திர அறைக்குக் காற்றூட்டுதலும் இந்நெறியையே தழுவியது. புதுக்காற்று அறையின் தாழ்ந்த பகுதிக்குச் செல்லவேண்டும்; வெப்பக்காற்று உயர்ந்த பகுதியிலிருந்து வெளியேற வேண்டும். வாயில்கள் பக்கச்சுவரில் தாழ இருப்பின், பாய்ப்படகு காற்றிற் சரியும்போது அவை நீரில் மூழ்கும். எனவே நடுக்கோட்டை அண்மியோ உயரத்திலோ அமைதல் நன்று. தீப்பற்றினால் விரைந்து மூடவும் கூடியனவாய் அவை இருத்தல் வேண்டும்.

பெற்றோல் ஆவி காற்றினும் கனமானது. அடித்தட்டிற் படிந்து, ஒரு பொறி பட்டால் வெடிக்கும். ஆதலால் 1940ஆம் ஆண்டு அமெரிக்க மோட்டார்ப் படகுச் சட்டம், எளிதில் ஆவியாகும் எரிபொருளைக் கொண்ட படகுகளுக்குக் காற்றோட்டத்தை வற்புறுத்தியது. டீசல் அவ்வகையைச் சேர்ந்ததன்று. அதனால், டீசல் அறையை எவ்வாறும் அடைத்து வைக்கலாம் எனக் கொள்ளுதல் பெரும்பிழையாகும். வெடிக்கும் அச்சம் குறைந்ததேயன்றி, மூச்சின் தேவை குறையவில்லை.

கரையோரப் பாறைகளை நோக்கிக் காற்று படகைத் தள்ளும் வேளையில் பாய்கள் சுருட்டப்படும், வாயில்கள் அடைக்கப்படும், மாலுமி கடைசித் துணையாக எந்திரத்தை அழைப்பான். அவ்வேளையில் அது திணறாது இயங்குமா என்பது, முன்னரே ஒருவன் அமைத்து வைத்த சிறு காற்றுவழியில் தங்கியிருக்கின்றது. ஹேல்ஸ் மனிதரின் மூச்சுக்காகத் தொடங்கிய பணி எந்திரத்தின் மூச்சையும் காத்து, அதன் வாயிலாக மீண்டும் மனிதரின் உயிரையே காக்கின்றது. நல்ல மரக்கலம் எல்லா வாயில்களையும் அடைத்துக்கொண்டதன்று. எதனை விலக்குவது, எதனை ஏற்பது என்று அறிந்ததே நல்ல மரக்கலம்.