கிரீன் பே பேக்கர்ஸ் அணியின் வரலாறு

கிரீன் பே பேக்கர்ஸ் என்பது ஐக்கிய அமெரிக்காவின் விஸ்கொன்சின் மாநிலத்தில் உள்ள கிரீன் பே நகரைச் சேர்ந்த தொழில்முறை அமெரிக்கக் காற்பந்து அணி ஆகும். தேசியக் காற்பந்து லீக்கில் (என்.எப்.எல்.) விளையாடும் 32 அணிகளில், பங்கு வாங்கிய பொதுமக்களுக்குச் சொந்தமான ஒரே அணி இதுவாகும். மற்ற அணிகள் பெருஞ்செல்வர்களின் உடைமையாக உள்ளன.

தோற்றம்

1919-இல் கர்லி லாம்போ, ஜார்ஜ் கல்ஹூன் ஆகியோர் இவ்வணியைத் தொடங்கினர். லாம்போ வேலை பார்த்த இறைச்சி டப்பா நிறுவனம் சீருடைகளுக்காக 500 டாலர் கொடுத்தது. இறைச்சியை டப்பாவில் அடைப்போர் என்ற பொருளில் 'பேக்கர்ஸ்' என்னும் பெயர் அமைந்தது. 1921-இல் அணி லீக்கில் சேர்ந்தது.

பொதுமக்கள் உடைமை

அக்காலத்தில் கேன்டன், ராக் ஐலண்ட், டுலூத் போன்ற சிறு நகரங்களுக்கும் லீக்கில் அணிகள் இருந்தன. பணமின்றி அவை ஒவ்வொன்றாக மறைந்தன. கிரீன் பே அணிக்கும் அதே நெருக்கடி வந்தது. 1923-இல் நகர மக்களுக்குப் பங்கு ஒன்று 5 டாலர் வீதம் விற்று அணி காப்பாற்றப்பட்டது. பார்வையாளர் மேடையிலிருந்து விழுந்த ஒருவர் தொடுத்த வழக்கால் 1930-களில் அணி மீண்டும் கடனில் மூழ்கியது. 1935-இலும் 1950-இலும் மக்கள் மறுபடி பங்கு வாங்கினர்.

இப்பங்குகளுக்கு இலாப ஈவு கிடையாது. அவற்றைச் சந்தையில் விற்கவும் முடியாது. இயக்குநர் குழுவைத் தேர்ந்தெடுக்கும் வாக்குரிமை மட்டுமே உண்டு. அணியை விற்றால் கிடைக்கும் பணமும் பங்குதாரருக்குச் சேராது. முதலில் அது போர்வீரர் நினைவிடத்துக்கு என ஒதுக்கப்பட்டிருந்தது. 1997 முதல் அணியின் அறக்கட்டளைக்கு உரியது. எனவே அணியை வேறு நகருக்கு விற்பதால் யாருக்கும் ஆதாயம் இல்லை.

வெற்றிகள்

லாம்போவின் பயிற்சியில் அணி 1929, 1930, 1931 ஆகிய ஆண்டுகளில் தொடர்ந்து வாகை சூடியது. 1936, 1939, 1944 ஆகிய ஆண்டுகளிலும் வென்றது. 1950-களில் சரிவு ஏற்பட்டது. 1958-இல் 12 ஆட்டங்களில் ஒன்றில் மட்டுமே வெற்றி கிட்டியது. மறு ஆண்டு பயிற்சியாளராக வந்த வின்ஸ் லொம்பார்டி, 1961 முதல் 1967 வரை ஐந்து முறை அணியை வாகையராக்கினார். முதல் இரண்டு சூப்பர் பௌல் ஆட்டங்களிலும் பேக்கர்ஸ் வென்றது. 1996, 2010 பருவங்களின் வெற்றிகளையும் சேர்த்து மொத்தம் 13 வாகைப் பட்டங்கள் பெற்றுள்ளது. வேறெந்த அணியும் இத்தனை பெற்றதில்லை.

நிலைத்ததற்கான காரணங்கள்

பொதுமக்கள் உடைமை அணியை ஊரைவிட்டுப் போகாமல் தடுத்தது. ஆனால் அது மட்டும் போதுமானதாக இருக்கவில்லை. ஏறக்குறைய ஒரு இலட்சம் பேர் வாழும் நகரின் வருவாயைக் கொண்டு நியூ யார்க், சிகாகோ அணிகளுடன் போட்டியிட இயலாது. 1961-இல் இயற்றப்பட்ட சட்டம், லீக் தன் அணிகள் அனைத்தின் தொலைக்காட்சி உரிமையையும் ஒன்றாக விற்க வழிசெய்தது. அவ்வருவாயைச் சமமாகப் பகிர்ந்ததால் கிரீன் பேக்கும் பெருநகர அணிகளுக்கு நிகரான பங்கு கிடைத்தது.

பின்னாளில் லீக் பொதுமக்கள் உடைமையைத் தடைசெய்து, பேக்கர்சுக்கு மட்டும் விலக்களித்தது. ஆகவே இம்முறையை இன்று வேறு நகரம் பின்பற்ற முடியாது.