இழந்த பல்லுக்கு மாற்று

விழுந்த அல்லது பிடுங்கிய நிலைப்பல்லின் இடத்தை நிரப்பும் செயற்கைப் பல். கும்மிடிப்பூண்டி சிப்காட், திருவள்ளூர் வட்டாரத் தொழிலாளர்கள் இதற்காக நாடக்கூடிய அரசு நிலையங்களுள் ஒன்று, சென்னைக் கோட்டை ரயில் நிலையம் அருகிலுள்ள தமிழ்நாடு அரசு பல் மருத்துவக் கல்லூரி (தொடக்கம் 1953).

கழற்றி மாட்டும் அக்ரிலிக் பல்தான் செலவு குறைந்தது. இரவில் கழற்றித் தண்ணீரில் போட்டுவைக்க வேண்டும். கழற்ற வேண்டியிராத ‘பிரிட்ஜ்’ கட்ட, வழக்கமாக இருபக்கப் பற்களையும் சீவ வேண்டும். அவை பழுதில்லாதவை என்றால் இது வீண் இழப்பே.

‘இம்பிளாண்ட்’ பக்கத்துப் பற்களைத் தொடுவதில்லை. தாடையெலும்பில் டைட்டேனியம் திருகைப் பதித்து, அதன்மேல் பல் பொருத்துவார்கள். ஸ்வீடனின் பெர் இங்வார் பிரோனமார்க் 1965இல் இம்முறையில் முதல் நோயாளிக்குச் சிகிச்சை செய்தார். எலும்பு திருகை இறுகப் பற்றப் பொதுவாக 3 முதல் 6 மாதம் ஆகும். பலமுறை போய்வர வேண்டும், ஷிஃப்ட் வேலைக்காரருக்குப் பணத்தைவிட லீவுதான் சிக்கல். புகைபிடிப்போருக்கும் கட்டுப்படாத சர்க்கரை நோயாளிகளுக்கும் தோல்வி வாய்ப்பு கூடுதல்.

கடைவாய் ஞானப்பல் போனால் மாற்று பெரும்பாலும் தேவையில்லை. மற்ற இடைவெளிகளை ஆண்டுக்கணக்கில் விட்டால் பக்கத்துப் பற்கள் சாயும், எதிர்ப்பல் நீண்டு இறங்கும்.