பழைய டீசல் பிக்கப்புக்கு ஏன் இவ்வளவு குளிர்காலச் சடங்கு?

இந்த எபிசோடு பிக்கப் வண்டிகளைப் பற்றி. பிக்கப் என்றதும் நம்ம ஊர் குட்டி யானை ஞாபகம் வரலாம். நான் சொல்வது அமெரிக்காவின் வட மாநிலங்களிலும் கனடாவிலும் பண்ணைகளில் இன்னும் ஓடிக்கொண்டிருக்கும், 80-களிலும் 90-களிலும் செய்த பெரிய டீசல் வண்டிகள். நார்த் டகோட்டா மாதிரி இடங்களில் ஜனவரியில் மைனஸ் 30 டிகிரி செல்சியஸ் வரை இறங்குவது புதிதல்ல. அங்கே வண்டி ஸ்டார்ட் ஆகாவிட்டால் வேலைக்கு லேட் ஆகும், அவ்வளவுதான் என்று விட முடியாது. மாட்டுக்குத் தீவனம் போகாது. ஆளில்லாத ரோட்டில் பாதி வழியில் நின்றுவிட்டால் உயிருக்கே ஆபத்து.

அதனால் இலையுதிர் காலம் வந்தாலே வேலை ஆரம்பிச்சிடும். பேட்டரி சோதிக்கணும், குளோ பிளக் சோதிக்கணும், ஃபில்டர் மாற்றணும், ஃபில்டரில் சேர்ந்த தண்ணியை வடிக்கணும், டீசலில் வேறொரு டீசலைக் கலக்கணும், ராத்திரி வண்டியை கரண்ட்டில் மாட்டணும். கரண்ட்டிலா? ஆமா. அதுக்கு வரேன்.

வேலைக்குச் சேர்ந்த புதுசில் நம்ம கையில் வரும் பழைய கோடு எப்படி இருக்கும்? ‘இந்த வரி எதுக்கு இங்க இருக்கு’ன்னு கேட்டா, எப்பவோ யாரோ அடிபட்ட கதை ஒன்று வெளியே வரும். இந்தப் பட்டியலும் அப்படித்தான். இன்ஜின் கம்பெனிகள் எல்லாவற்றையும் யோசித்து வைத்தார்கள் என்று நினைக்கிறோம். இதில் பல வரிகளை எழுதியது குளிரில் வாழ்ந்தவர்கள்.

முதலில் டீசல் ஏன் உறைகிறது? மார்கழி மாசம் தேங்காய் எண்ணெய் பாட்டிலைத் தலைகீழாகப் பிடித்தால் என்ன ஆகும்னு உங்களுக்குத் தெரியும். டீசலிலும் கிட்டத்தட்ட அதேதான். டீசலுக்குள் மெழுகு இருக்கிறது, அதாவது நீளமான பாரஃபின் சங்கிலிகள். சாதாரணமாக அவை கரைந்து இருக்கும். குளிர் ஏற ஏற சின்னச் சின்னப் படிகங்களாகப் பிரிந்து, டீசல் கலங்க ஆரம்பிக்கும். டாங்கில் இருப்பது முழுசாக உறைய வேண்டிய அவசியமே இல்லை. அந்தப் படிகங்கள் போய் ஃபில்டரை அடைத்தாலே போதும், இன்ஜின் பட்டினியில் நின்றுவிடும்.

அப்படின்னா மெழுகை எடுத்துட வேண்டியதுதானே? அங்கேதான் சிக்கல். டீசல் நன்றாகப் பற்றிக்கொள்வதற்குக் காரணமே அந்த நேர்ச் சங்கிலிப் பாரஃபின்கள்தான். டீசலின் தரத்தை சீட்டேன் எண் என்று அளக்கிறார்கள். அந்த அளவுகோலில் 100 மதிப்பெண் வாங்கிய பொருள், சீட்டேன் என்கிற ஹெக்ஸாடெக்கேன். அது எத்தனை டிகிரியில் உறையும் தெரியுமா? சுமார் 18 டிகிரி செல்சியஸ். மைனஸ் இல்லை, பிளஸ் 18. ஊட்டி ராத்திரிக்கே கட்டியாகிவிடும். பற்றிக்கொள்ளும் குணமும் உறையும் குணமும் ஒரே மூலக்கூறில் இருக்கிறது.

அமெரிக்காவில் இதற்கு இரண்டு ரக டீசல் வைத்திருக்கிறார்கள். நம்பர் 2 வழக்கமானது. நம்பர் 1 மண்ணெண்ணெய்க்குப் பக்கத்தில் வரும் லேசான ரகம். மெழுகு குறைவு, குளிரைத் தாங்கும். ஆனால் லிட்டருக்குக் கிடைக்கும் சக்தியும் குறைவு, வழவழப்பும் குறைவு. அதனால் குளிருக்கு ஏற்ற மாதிரி இரண்டையும் கலக்கிறார்கள். நம்ம நாட்டிலும் லடாக்கில் இந்தப் பிரச்சினை உண்டு. மைனஸ் 33 டிகிரி வரை ஓடும் தன்மை இழக்காத குளிர்கால டீசலை இந்தியன் ஆயில் அங்கே கொண்டுவந்தது 2019 நவம்பரில்தான். அமெரிக்கப் பண்ணைக்காரர்கள் பல தலைமுறையாகத் தானே கலந்துகொண்டிருந்த விஷயம்!

அடுத்தது பற்றவைப்பது. 1897-ல் ருடால்ஃப் டீசல் ஆக்ஸ்பர்க்கில் ஓட்டிக் காட்டிய இன்ஜினில் தீப்பொறி கிடையாது. காற்றை அமுக்கினால் சூடாகும், அந்தச் சூட்டில் எரிபொருள் தானே பற்றும். இரும்பு பிளாக்கே ஐஸ் மாதிரி இருந்தால், அமுக்கிய காற்றின் சூட்டை அதன் சுவர் உறிஞ்சிக்கொள்ளும். 80-களின் அமெரிக்கப் பிக்கப்புகளில், அதாவது 1982-ல் வந்த ஜிஎம் 6.2 லிட்டரிலும், 1983-ல் வந்த ஃபோர்டு 6.9 லிட்டரிலும், எரிபொருள் நேராக சிலிண்டருக்குப் போகாது. பக்கத்தில் உள்ள ஒரு சின்ன அறைக்குள் போய்ப் பற்றும். சின்ன அறை என்றால் சுவர்ப்பரப்பு அதிகம், சூடு இன்னும் சீக்கிரம் போய்விடும். அதனால்தான் ஒவ்வொரு சிலிண்டருக்கும் ஒரு குளோ பிளக், எட்டு சிலிண்டருக்கு எட்டு. அதில் ரெண்டு மூணு போனாலும் வெயில் காலத்தில் தெரியவே தெரியாது. முதல் கடும் குளிரில் காட்டிக்கொடுத்துவிடும்.

1989-ல் டாட்ஜ் பிக்கப்பில் வந்த கம்மின்ஸ் 5.9 லிட்டர் வேறு வழியில் போனது. நேரடி இன்ஜெக்ஷன், சின்ன அறை இல்லை, குளோ பிளக்கும் இல்லை. உள்ளே வரும் காற்றையே ஒரு மின்சாரக் கம்பி வலையால் சூடாக்கும். இதில் பழைய பழக்கம் ஒன்று ஆபத்தானது: காற்றுக் குழாயில் ஈதர் ஸ்பிரே அடித்து ஸ்டார்ட் பண்ணுவது. சிவக்கச் சூடான கம்பிமேல் ஈதர் பட்டால் குழாய்க்குள்ளேயே வெடிக்கும். செய்யாதீங்க.

இப்போ கரண்ட்டுக்கு வரேன். நார்த் டகோட்டாவின் கிராண்ட் ஃபோர்க்ஸில் ஆண்ட்ரூ ஃப்ரீமன் என்று ஒரு இன்ஜினியர். கார் கம்பெனி ஆள் இல்லை. கிராமங்களுக்கு மின்சாரம் கொடுக்கும் கூட்டுறவு ஒன்றின் நிர்வாகி. 1940-களில் காலையில் கார் ஸ்டார்ட் ஆகாத தொல்லைக்கு, பழைய இஸ்திரிப் பெட்டியின் சூடாக்கும் கம்பியையும் செப்புக் குழாய்த் துண்டையும் வைத்து ஒரு ஹீட்டர் செய்தார். இன்ஜின் ஹெட்டை இறுக்கும் போல்ட்டுகளில் ஒன்றைக் கழற்றிவிட்டு அந்த இடத்தில் இதைத் திருகிவிடலாம். 1949 நவம்பரில் பேட்டன்ட் கிடைத்தது. கரண்ட் விற்கிறவரே ராத்திரி முழுக்க கரண்ட் குடிக்கும் சாமானைக் கண்டுபிடித்தார் என்று கிண்டல் பண்ணலாம். ஆனால் ஊரே மாட்டிக்கொண்டது. பிற்பாடு பிளாக்குக்குள் கூலன்ட்டில் முங்கி இருக்கும் ஹீட்டர்கள் வந்தன. இன்றும் ஃபேர்பேங்க்ஸ், வின்னிபெக் பக்கம் போனால் முன் கிரில்லில் வயர் தொங்கும் பெட்ரோல், டீசல் வண்டிகளைப் பார்க்கலாம். கார் நிறுத்துமிடங்களில் வரிசையாகப் பிளக் பாயின்ட் இருக்கும்.

பிக்கப்பில் இது ஏன் முக்கியம்னா, குளிர் எல்லாத்தையும் ஒரே நேரத்தில் தாக்கும். மைனஸ் 18-ல் பேட்டரியின் பலம் பாதிக்குப் பக்கம் இறங்கிவிடும். அதே நேரத்தில் ஆயில் கெட்டியாகி, இன்ஜினைச் சுற்றவே கூடுதல் பலம் வேண்டும். இந்த வண்டிகளில் இரண்டு பேட்டரி வைத்ததற்குக் காரணம் அதுதான். விடிவதற்கு மூணு, நாலு மணி நேரம் முன்னாடி டைமரில் ஹீட்டர் ஓடினால் போதும்.

தண்ணீர் வடிக்கும் வேலைக்குப் பின்னால் இருப்பது கொஞ்சம் சோகமான கதை. 1973-ன் எண்ணெய் நெருக்கடிக்குப் பிறகு, மைலேஜுக்காக ஜிஎம் அவசரமாக டீசலுக்கு வந்தது. 1978 மாடலில் ஓல்ட்ஸ்மொபைல் 5.7 லிட்டர் வி8 டீசல். கார்களில் மட்டுமல்ல, பிக்கப்பிலும் போட்டார்கள். அதில் டீசலில் கலந்த தண்ணீரைப் பிரிக்கும் கருவியே இல்லை. அப்போது பம்புகளில் கிடைத்த டீசலில் தண்ணீர் கலந்திருப்பது சாதாரணம். துரு பிடித்து இன்ஜெக்ஷன் பம்ப் போனது. பெட்ரோல் காருக்குச் செய்வதுபோலத் தண்ணீரை நீக்க சிலர் டாங்கில் ஆல்கஹாலை ஊற்ற, அது பம்பின் ரப்பர் சீல்களைக் கெடுத்தது. பெட்ரோல் இன்ஜினின் போல்ட் அமைப்பையே வைத்துக்கொண்டதால் ஹெட் கேஸ்கெட்டும் போனது. 1985-ல் நிறுத்திவிட்டார்கள். அமெரிக்கர்களுக்கு டீசல் கார் என்றாலே பயம் வந்ததில் இதற்குப் பெரிய பங்குண்டு. ஒரு சின்னக் கிண்ணமும் வடிகுழாயும் வைக்காமல் மிச்சம் பிடித்த காசு எவ்வளவு இருந்துவிடப் போகிறது? எனக்கு இன்னும் ஆத்திரம்தான். குளிர்காலத்தில் அந்தத் தண்ணீர் துருப்பிடிக்க வைப்பதோடு நிற்காது, ஃபில்டருக்குள் ஐஸாகி வழியையே அடைக்கும்.

கடைசியாக, எரிபொருள் மாறியது, வண்டி மாறவில்லை. 2006-லிருந்து அமெரிக்க டீசலில் கந்தகம் 500 பிபிஎம்மிலிருந்து 15-க்கு இறங்கியது. நுரையீரலுக்கு நல்லது, அதில் சந்தேகமே இல்லை. ஆனால் கந்தகத்தை எடுக்கும் முறையிலேயே டீசலின் இயற்கையான வழவழப்பும் போகும். பழைய இன்ஜெக்ஷன் பம்புக்கு டீசல்தான் லூப்ரிகன்ட். வழவழப்புச் சேர்க்கையைக் கலந்துதான் விற்கிறார்கள். இருந்தாலும் பழைய வண்டிக்காரர்கள் நம்பாமல் தனியாக ஒரு பாட்டில் வாங்கி ஊற்றுவார்கள்.

மினசோட்டா 2005-ல் எல்லா டீசலிலும் 2 சதவீதம் பயோடீசல் கட்டாயம் என்றது. அந்த டிசம்பரிலேயே லாரிகளின் ஃபில்டர்கள் அடைக்க, கொஞ்ச நாள் உத்தரவை நிறுத்திவைத்தார்கள். தாவர எண்ணெயிலிருந்து வருவதால் பயோடீசலும் நம்ம தேங்காய் எண்ணெய் ஜாதிதான், சீக்கிரம் கட்டியாகும். 2018-லிருந்து அங்கே கோடையில் 20 சதவீதம், குளிர்காலத்தில் 5 சதவீதம்.

பம்பில் விற்பது மாறுகிறது, சரி. டாங்கில் ஏற்கெனவே இருப்பது? ஆகஸ்டில் டாங்கை நிரப்பி ஷெட்டில் நிறுத்திவிட்டு ஜனவரியில் எடுப்பவரின் வண்டியில் இருப்பது கோடை டீசல். டாங்கில் உறைந்த பிறகு எந்த பாட்டிலை ஊற்றியும் பெரிசா பிரயோஜனம் இல்லை. சேர்க்கை மருந்துகள் மெழுகு பிரிவதற்கு முன்னால் கலந்தால்தான் வேலை செய்யும். அதனால் பழைய பிக்கப் வைத்திருப்பவர்கள் அக்டோபரிலேயே சும்மாவாவது நாலு ரவுண்ட் ஓட்டி டாங்கைக் காலி பண்ணி, புது டீசல் நிரப்பி, இன்னொரு ஃபில்டரை சீட்டுக்கு அடியில் போட்டு வைக்கிறார்கள்.