மாட்டுப் பட்டியும் ஆற்று நீரும்

ஓர் ஊரின் நீரைக் கெடுப்பவன் அவ்வூராரின் உயிரைக் கெடுப்பவனாவான். இதனை மறுப்பார் ஒருவருமிலர். ஆயினும், கெடுப்பவன் எளியவனாயின் தண்டனையும், செல்வனாயின் சமாதானமும் கிடைப்பதே உலக வழக்கமாயிருந்து வருகிறது. செல்வனையும் சட்டத்தின் முன் நிறுத்துவதற்கு ஒரு பெருந்தேசத்தார் ஐம்பது ஆண்டுகட்கு மேலாகச் செய்துவரும் முயற்சியையும், அம்முயற்சி எவ்விடத்தில் தளர்ந்தது என்பதையும் ஈண்டு எடுத்துரைக்க விரும்புகின்றோம். தேசம் அமெரிக்க ஐக்கிய நாடு. வழக்குக்குரிய பொருளோ, ஆயிரக்கணக்கான மாடுகளை ஓரிடத்தில் அடைத்துத் தீனியிட்டு வளர்க்கும் பெரும் பட்டிகளிலிருந்து வழியும் கழிவு நீர்.

முற்காலத்தில் அமெரிக்க மாடுகள் பரந்த புல்வெளிகளில் மேய்ந்து திரிந்தன. அவை இட்ட சாணம் அந்தந்த நிலத்திற்கே எருவாயிற்று. இரண்டாம் உலக யுத்தத்திற்குப் பின்னர் நிலைமை மாறியது. டெக்ஸாஸ், கான்சஸ், நெப்ராஸ்கா, கொலராடோ முதலிய மாகாணங்களில் ஆழ்ந்த கிணறுகளிலிருந்து யந்திரத்தால் நீர் இறைத்துச் சோளமும் மக்காச்சோளமும் ஏராளமாய் விளைவித்தார்கள். மலிந்த தானியத்தை மாட்டிற்கு ஊட்டி இறைச்சியாக்கி விற்பது இலாபமெனக் கண்ட முதலாளிகள், புல்லே முளையாத வெற்றுத் தரையில் வேலியிட்டு, ஆயிரம், பதினாயிரம் எனக் கால்நடைகளை அடைத்தார்கள். தீனிப் பட்டி என்னும் தொழிற்சாலை இவ்வாறு தோன்றிற்று.

தொழிற்சாலை என்று நாம் கூறுவது மிகையன்று. ஆயிரம் ராத்தல் எடையுள்ள ஒரு மாடு நாளொன்றுக்குச் சுமார் 60 ராத்தல் சாணமும் மூத்திரமும் கழிக்கிறது. ஆயிரம் மாடுகள் அடைந்த பட்டியில் ஒவ்வொரு நாளும் ஏறக்குறைய 27 டன் கழிவு சேரும். மனிதர் கழிவாயின் நகரசபை அதனைச் சுத்திசெய்ய வேண்டும். மாட்டின் கழிவுக்கோ அத்தகைய ஏற்பாடு பெரும்பாலும் இல்லை. பசுவின் சாணமும் மூத்திரமும் தீட்டுக் கழிக்குமென்று நம்மவர்க்குப் புரோகிதர் போதித்தனர். இரசாயன சாஸ்திரமோ வேறு கூறுகிறது. பயிர் உண்ணக்கூடிய அளவு இட்டால் அஃது எரு. அவ்வளவு மீறினால் அஃது ஆற்றின் பிராணவாயுவை உறிஞ்சி மீன்களைக் கொல்லும். நிலத்தில் இறங்கி நைட்ரேட் உப்பாய்க் கிணற்று நீரிற் கலந்து, பச்சிளங் குழந்தைகளின் இரத்தம் பிராணவாயுவைச் சுமக்கும் ஆற்றலைக் குலைக்கும். 1960-களில் கான்சஸ் மாகாணத்தில் மழை பெய்து பட்டிகளைக் கழுவிச் சென்றபோது, ஓடைகளில் மீன்கள் திரளாக மடிந்து மிதந்தன.

நிற்க. 1969-ம் ஆண்டு ஜூன் மாதத்தில் ஒஹையோ மாகாணத்துக் கிளீவ்லண்டு நகரில் கயஹோகா ஆற்றின்மீது மிதந்த எண்ணெய்க் கழிவு தீப்பற்றி எரிந்தது. ஆறும் எரியுமோ என்று ஜனங்கள் திகைத்தனர். இத்தகைய நிகழ்ச்சிகளால் எழுந்த கிளர்ச்சியின் பயனாக, 1970-ல் சுற்றுச்சூழல் பாதுகாப்பு இலாகா ஏற்பட்டது. 1972-ல் காங்கிரஸ் புதிய நீர்ச் சட்டத்தை நிறைவேற்றியது. செலவு மிகுதியெனக் கூறி ஜனாதிபதி நிக்ஸன் அதனை நிராகரித்தார். அக்டோபர் 18-ந் தேதி செனட் சபை 52-க்கு 12 என்றும், பிரதிநிதிகள் சபை 247-க்கு 23 என்றும் வாக்களித்து, அவர் நிராகரிப்பை மீறிச் சட்டத்தை நிலைநாட்டின.

அச்சட்டத்தில் மூன்று அம்சங்களை வாசகர் ஊன்றிக் கவனிக்க வேண்டும். முதலாவது, குழாய், வாய்க்கால் போன்ற ஒரு குறிப்பிட்ட வழியாக நீர்நிலையில் கழிவை விடுவோர் எவராயினும் சர்க்காரின் அனுமதிச் சீட்டுப் பெற்றே விடவேண்டும். பெறாது விடுதல் குற்றம். இரண்டாவது, அத்தகைய வழிகளின் பட்டியலில் மாடு முதலிய பிராணிகளைச் செறிவாக அடைத்துத் தீனியிடும் இடத்தையும் பெயர் சொல்லியே சேர்த்திருந்தார்கள். மூன்றாவது, சர்க்கார் வாளாவிருப்பின், சாதாரணப் பிரஜை ஒருவனே குற்றவாளிமீது கோர்ட்டில் வழக்குத் தொடரலாம்.

சட்டம் பிறந்த மறு ஆண்டே அதன் கை முடங்கிற்று. சீட்டுகள் எண்ணிலடங்கா எனக் காரணங் காட்டி, 1973-ல் இலாகா பல வகையினருக்கு விலக்களித்தது. சிறிய பட்டிகளும் அவற்றுள் அடங்கின. இயற்கை வளப் பாதுகாப்புச் சங்கத்தார் வழக்காடினர். காங்கிரஸ் அளிக்காத விலக்கை அளிக்க இலாகாவுக்கு அதிகாரமில்லை என 1975-ல் கோர்ட் தீர்ப்பளித்தது. 1977-ல் அப்பீல் கோர்ட்டும் அதனை உறுதிசெய்தது. இதனிடையே 1976-ல் இலாகா விதிகளை வகுத்தது. இறைச்சி மாடு 1,000 அல்லது கறவை மாடு 700-க்கு மேற்பட்ட பட்டி பெரும் பட்டி. அதனிற் சிறியதாயினும், 300 மாடுகட்கு மேற்பட்டுச் செயற்கை வாய்க்கால் வழியே கழிவை நீர்நிலைக்கு விடுமாயின் அதுவும் விதிக்குட்பட்டது.

ஆயினும் அவ்விதியிலேயே ஒரு பொந்தும் வைத்தார்கள். இருபத்தைந்து ஆண்டுகளில் ஒரு முறையே பெய்யத்தக்க ஒரு நாட் பெருமழையின்போது மட்டும் கழிவு வழியுமாயின், அப்பட்டிக்குச் சீட்டு வேண்டுவதில்லை. அத்தகைய மழையிலன்றித் தம் குளம் ஒருபோதும் வழியாது என்று பட்டிக்காரர் பலர் தாமே கூறிக்கொண்டு சீட்டுப் பெறாதிருந்தனர். 1987-ல் காங்கிரஸ், விவசாய நிலத்திலிருந்து மழையால் ஓடும் நீரைச் சட்டத்தினின்று அடியோடு நீக்கவே, மழை என்னும் ஒரு சொல் பலருக்குக் குடையாயிற்று.

அக்குடையைப் பறித்தவர்கள் உத்தியோகஸ்தர்கள் அல்லர், அண்டை வீட்டார். நியூயார்க் மாகாணத்தில் சவுத்வியூ என்னும் பெரும் பால்பண்ணை, சாண நீரை வயல்களில் அளவிறந்து கொட்ட, அயலார் சங்கமாகக் கூடி வழக்குத் தொடர்ந்தனர். ஜூரிகள் சில குற்றங்களை உறுதிசெய்தும் நீதிபதி அவற்றைத் தள்ளிவிட்டார். 1994-ல் அப்பீல் கோர்ட் அயலார் பக்கம் தீர்த்தது. மழை பெய்தபோது ஓடிற்றா என்பதன்று கேள்வி. மழையால் ஓடிற்றா, மிதமிஞ்சிக் கொட்டியதால் ஓடிற்றா என்பதே கேள்வி என்று அக்கோர்ட் தெளிவுபடுத்தியது.

பின்னர் 2003-ல் இலாகா விதிகளைத் திருத்தியது. பெரும் பட்டிகள் பொதுவாக அனைத்தும் சீட்டுக்கு மனுச் செய்தல் வேண்டும். எந்த வயலில் எவ்வளவு சாணம் இடப்படும் என்னும் எருத் திட்டமும் வகுத்தல் வேண்டும் என்றது. பட்டிக்காரரும் பொதுநலச் சங்கத்தாரும் ஆகிய இரு கட்சியினருமே கோர்ட்டுக்குச் சென்றனர். 2005-ல் வந்த தீர்ப்பு ஜனங்களுக்கு ஒரு லாபமும் ஒரு நஷ்டமும் தந்தது. எருத் திட்டத்தைப் பட்டிக்காரர் தம் பெட்டியில் பூட்டிவைத்தல் ஆகாது. சர்க்கார் அதனைப் பரிசீலித்துச் சீட்டிலேயே சேர்க்க வேண்டும். பொதுமக்கள் அதனைக் கண்டு கருத்துக் கூற இடமிருக்க வேண்டும் என்றது லாபம். கழிவு விடாதவனைச் சீட்டுக் கேட்குமாறு கட்டாயப்படுத்தச் சட்டத்தில் இடமில்லை என்றது நஷ்டம். கழிவு விட உத்தேசிப்போரும் மனுச் செய்யவேண்டுமென 2008-ல் இலாகா மாற்றி எழுதிற்று. 2011-ல் மற்றோர் அப்பீல் கோர்ட் அதனையும் ரத்து செய்தது.

பட்டிக்காரர் வாதத்திலும் நியாயமே இல்லை என்று நாம் சொல்லமாட்டோம். செய்யாத குற்றத்திற்கு ஒருவன் ஏன் சீட்டுப் பெறவேண்டும் என்பது கேட்கத்தக்க கேள்வியே. ஆனால், குற்றம் செய்கிறானா என்று பார்த்துச் சொல்பவர் யார்? அவனே தன்னைப் பார்த்துத் தானே சொல்லவேண்டுமென்றால், கணக்கு எழுதுபவனும் அவன், தணிக்கை செய்பவனும் அவனன்றோ! தோட்டத்தில் ஒரு நாட் கூலிக்காரன் பெயரும் தவறாமல் செக்ரோலில் ஏறுகிறது. அரை நாள் வராவிடினும் அங்கே தெரிந்துவிடும். அமெரிக்கப் பட்டிகளுக்கோ அத்தகைய நம்பத்தக்க பேரேடு எந்த மத்திய இலாகாவிடமும் இல்லையென்று, காங்கிரசின் தணிக்கை அலுவலகமே 2008-ல் அறிக்கை வெளியிட்டது. பட்டிகளின் விவரம் திரட்ட 2011-ல் இலாகா ஒரு விதியை முன்மொழிந்து, 2012-ல் தானே அதனைத் திரும்பப் பெற்றுக்கொண்டது. அண்மை ஆண்டுகளில் மாகாணங்கள் தந்த கணக்கின்படி பெரும் பட்டிகள் சுமார் 21,000 உள. அவற்றுள் சீட்டுப் பெற்றவை மூன்றிலொரு பங்கிற்கும் குறைவு.

இதன் பலனை அனுபவிப்பவர் யாவர்? வாஷிங்டன் மாகாணத்து யாக்கிமா பள்ளத்தாக்கை நோக்குங்கள். அங்கே பெரும் பால்பண்ணைகளைச் சுற்றி வாழ்வோரில் மெக்ஸிகோவிலிருந்து வந்த உழைப்பாளிக் குடும்பங்கள் மிகுதி. சொந்தக் கிணறே பலர்க்குக் குடிநீர். 2010-ல் இலாகா சோதித்த கிணறுகளில் ஏறத்தாழ ஐந்திலொன்றில் நைட்ரேட் சட்ட அளவை மீறியிருந்தது. நீர்ச் சட்டமோ ஆறு, ஏரிகளை நோக்கியே இயற்றப்பட்டதாகலின், நிலத்தடி நீர் பெரும்பாலும் அதன் கைக்கு எட்டவில்லை. எனவே ஊர்ச் சங்கத்தார் குப்பைக் கழிவுச் சட்டத்தின் கீழ் வழக்காடினர். பயிரின் தேவைக்கு மேல் கொட்டிய சாணம் எருவன்று, எறியப்பட்ட கழிவே என்று 2015-ல் நீதிபதி தீர்ப்பளித்தார். பின்னர் ஏற்பட்ட உடன்படிக்கைப்படி பாதிக்கப்பட்ட வீடுகளுக்கு நல்ல குடிநீர் வழங்கப் பண்ணையார் இசைந்தனர்.

இதனோடு மலேசியாவின் செம்பனை ஆலைச் சட்டத்தை ஒப்பிடுதல் நமக்குப் பயன் தரும். ஆலைக் கழிவு தேங்கும் குளங்களைத் தோட்டத்தார் அறிவர். 1974-ம் ஆண்டுச் சுற்றுச்சூழல் தரச் சட்டத்தின் கீழ் 1977-ல் வந்த விதிகள், ஆலை இருந்தாலே லைசென்ஸ் வேண்டும் என்றன. கழிவு விடுகிறாயா என்று முதலாளியைக் கேட்டு அவர் சொல்லுக்குக் காத்திருக்கவில்லை. கழிவு நீர் ஆற்றின் பிராணவாயுவை எவ்வளவு உறிஞ்சலாம் என்னும் வரம்பையும் 1978-ல் லிட்டருக்கு 5,000 மில்லிகிராம் எனத் தொடங்கி, 1984-ல் 100 ஆகப் படிப்படியாய்க் குறைத்தன. இங்கே எல்லா ஆலைகளும் விதியைக் காத்தன என்பது நம் கருத்தன்று. ஆனால், பேரேட்டில் பெயர் ஏறிய ஆலையைப் பிடித்துக் கேட்கலாம். பெயரே ஏறாத பட்டியை யார் கேட்பது?

அனுமதிச் சீட்டு என்பது முதலாளிக்கு அளிக்கும் உரிமை மட்டுமன்று. அவன் செய்கையை ஊரார் படித்தறியும் கணக்கேடும் ஆகும். இதுவே இவ்வரலாறு புகட்டும் பாடமென்பது நமது துணிபு. அமெரிக்காவில் அவ்வேட்டைத் திறந்தவர்கள் பெரும்பாலும் ஆற்றோரத்தில் வாழ்ந்தவர்களே. சட்டத்தின் எழுத்தை வாசித்து, சங்கமாய்க் கூடி, தோல்வியிலும் சோராது மீண்டும் கேட்டவர்களே. தோழர்களே, நம் லயத்தருகே ஓடும் நீர் எங்கிருந்து வருகிறது, அதன் மேற்கரையில் யாருக்கு என்ன லைசென்ஸ் இருக்கிறது என்று கேட்டறிவது நமக்கும் உரிய கடமை. கேட்பதற்குக் கல்வி வேண்டும்; சேர்ந்து கேட்பதற்குச் சங்கம் வேண்டும். இவ்விரண்டையும் வளர்த்துக்கொள்வோமாக.