கணக்குக் காட்டாதவர் பெயர் குடத்தில் விழாது



போன வாரம் பழைய மாணவி ஒருத்தி போன் செய்தாள். இப்போது இரண்டு பிள்ளைகளுக்குத் தாய். "டீச்சர், அடுத்த உள்ளாட்சித் தேர்தல்ல வார்டுக்கு நிக்கச் சொல்றாங்க. வீட்ல, 'நமக்கு எதுக்கு அரசியல், நாலு பேருக்கு உதவி செஞ்சா போதாதா'ன்னு கேக்கறாங்க. நீங்க என்ன சொல்றீங்க?" என்றாள். போனில் சொல்லி முடிக்காததை இங்கே எழுதுகிறேன். கொஞ்சம் நீளம்தான், பொறுமையாகப் படியுங்கள்.

குடவோலை முறை நினைவிருக்கிறதா? பாதிப் பேர் பரீட்சைக்காக மனப்பாடம் செய்து மறந்திருப்பீர்கள். நம் மாவட்டத்து உத்திரமேரூரில், வைகுந்தப் பெருமாள் கோயில் சுவரில் அந்த விதிகள் இன்றும் இருக்கின்றன. முதலாம் பராந்தக சோழன் காலத்தில் 919-ல் ஒன்று, 921-ல் ஒன்று என இரண்டு கல்வெட்டுகள். முதலில் எழுதியது போதவில்லை என்று இரண்டே வருடத்தில் திருத்தி எழுதியிருக்கிறார்கள்.

ஊரை 30 குடும்புகளாகப் பிரித்தார்கள். இன்றைய வார்டு மாதிரி. தகுதியுள்ளவர்கள் பெயரை ஓலையில் எழுதி, குடும்பு வாரியாகக் கட்டி, குடத்தில் போடுவார்கள். உள்ளே என்ன இருக்கிறதென்று அறியாத சிறுவன் ஒருவன் ஓலையை எடுப்பான். மத்தியஸ்தர் ஐந்து விரலையும் விரித்து உள்ளங்கையில் வாங்க வேண்டும், கையில் வேறு ஓலை மறைந்திருக்கக் கூடாது என்பதற்காக! பிறகு எல்லோர் முன்னிலையிலும் படிப்பார்கள். இப்படி வந்தவர்களில் சம்வத்சர வாரியத்துக்கு 12 பேர், தோட்ட வாரியத்துக்கு 12 பேர், ஏரி வாரியத்துக்கு 6 பேர். பதவி 360 நாள். ஒருமுறை இருந்தவர் அடுத்த 3 வருடம் வர முடியாது.

எனக்கு மிகவும் பிடித்த விதி வேறொன்று. வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவர் பெயர் குடத்தில் விழாது. அவர் மட்டுமல்ல, அவருடைய சித்தி, பெரியம்மா பிள்ளைகள், அத்தை, மாமன் பிள்ளைகள், தாய்மாமன், சித்தப்பா, பெரியப்பா, மைத்துனர், மாமனார், மருமகன், அப்பா, மகன் என்று ஒரு கல்யாணப் பத்திரிகைக்கு வேண்டிய உறவெல்லாம் விலக்கு. உறவினர்களே, நம் வீட்டில் ஒருவர் தப்பு செய்தால் எத்தனை பேர் வெளியே நிற்க வேண்டியிருக்கும், எண்ணிப் பாருங்கள்.

ஒருமுறை உங்களில் ஒரு வகுப்பை அங்கே சுற்றுலா அழைத்துப் போனேன். கூலிக்குத் தறி நெய்பவரின் மகன் ஒருவன் கேட்டான்: "டீச்சர், எங்க அப்பா பேரு குடத்துல இருந்திருக்குமா?" இருந்திருக்காது. அது சதுர்வேதிமங்கலம், அந்தணர் சபை. வரி கட்டும் சொந்த நிலம் வேண்டும், சொந்த மனையில் வீடு வேண்டும், வேதம் தெரிந்திருக்க வேண்டும். நெசவாளிக்கு இடமில்லை, பெண்ணுக்கும் இடமில்லை. "அப்போ நல்ல முறைன்னு ஏன் எழுதணும்?" என்றான். அன்று பதில் சொல்லத் தெரியாமல் பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று சமாளித்தேன்.

இப்போது சொல்கிறேன் தம்பி. விதிகள் நல்லவை, குடத்தின் வாய்தான் சிறியது. அதைப் பெரிதாக்க ஆயிரம் வருடம் ஆனது. 1992-ல் அரசியல் சட்டத்தின் 73, 74-வது திருத்தங்கள், 1994-ல் நம் மாநில ஊராட்சிகள் சட்டம், 2016-ல் உள்ளாட்சியில் பெண்களுக்குப் பாதி இடம். 21 வயதானால் யாரும் நிற்கலாம். இவ்வளவு கஷ்டப்பட்டுத் திறந்த வாயை 'நமக்கு எதுக்கு' என்று நாமே மூடலாமா?

உதவி செய்தால் போதாதா என்ற கேள்விக்கும் என் அனுபவத்தையே சொல்கிறேன். 2015 மழையில் தறிக்குழிகளில் தண்ணீர் நின்றது நினைவிருக்கும். நாங்கள் சிலர் பணம் திரட்டி அரிசி, பாய், போர்வை கொடுத்தோம். பொருளாளர் நான்தான். நாலு மாதம் கழித்து, வெளிநாட்டில் இருக்கும் ஒரு மாணவன் மரியாதையாகத்தான் கேட்டான், "டீச்சர், கணக்கு போடுவீங்களா?" என்று. எனக்கு வந்ததே கோபம்! "என்னையா கணக்கு கேக்கறே?" என்று வைத்துவிட்டேன். அன்றிரவு நோட்டை எடுத்து உட்கார்ந்தால், வரவுக்கும் செலவுக்கும் இடையே இரண்டாயிரத்துச் சொச்சம் உதைத்தது. எடுத்தது யாருமில்லை, நான் எழுதவில்லை, அவ்வளவுதான். கைக்காசு போட்டு நேர் செய்தேன். ஆனால் வருடக்கணக்காகக் குடவோலை நடத்திய எனக்கே, அந்தக் குடத்தில் பெயர் போடத் தகுதி இல்லாமல் போனது. அந்த மாணவனிடம் இன்றுவரை மன்னிப்புக் கேட்கவில்லை. இங்கே எல்லோர் முன்னிலும் கேட்கிறேன், மன்னித்துவிடு கண்ணா.

இன்னொன்றும் புரிந்தது. போர்வை கொடுக்க நம்மால் முடிந்தது. தண்ணீர் வடியும் கால்வாயைத் தூர் வார, அதற்குப் பணம் ஒதுக்க, நம்மால் முடியவில்லை. அது மன்றத்தில் முடிவாகிற விஷயம். 2016-லிருந்து 2022 பிப்ரவரி வரை நம் ஊரில் தேர்ந்தெடுத்த மன்றமே இல்லை. மனுவை எடுத்துக்கொண்டு போனால், 'எங்கள் வார்டு உறுப்பினர்' என்று சொல்ல ஆளில்லை. 2021-ல் மாநகராட்சி ஆகி, 51 வார்டுகள் வந்த பிறகுதான் கேட்க ஓர் ஆள் கிடைத்தது. உதவி இன்றைக்கு, உள்ளாட்சி அடுத்த மழைக்கு. இரண்டும் வேண்டும்.

ஆகவே, அம்மா, நில்லு. ஜெயித்தால் நாற்காலியில் நீயே உட்கார், உனக்குப் பதில் மாப்பிள்ளை உட்காரக் கூடாது. தோற்றாலும் தெரு வேலையை விடாதே. முதல் நாளிலிருந்தே நோட்டுப் போட்டு எழுது.

கிராமத்தில் இருக்கும் உறவுகளே, ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 ஆகிய ஆறு நாளும் கிராம சபை உண்டு. போய் உட்காருங்கள். வரவு செலவைப் படிக்கும்போது எழுந்து டீ குடிக்கப் போகாதீர்கள்.

அன்புடன்,
உங்கள் டீச்சர்