காசோலையும் கள்ளக் கையும்

ஆறுமுகநேரி உப்பளங்கள் நிறைந்த ஊர். உப்பு மூட்டையை நிறுத்து வாங்கிவிடலாம். அதற்கு ஈடாக வரும் காசோலையையோ படித்துத்தான் வாங்க வேண்டும். அதைப் படிக்கும் முறையை இரண்டு வழக்குகளின் வாயிலாக விளக்க விழைகிறேன்.

முதலாவது லண்டன் மாநகரத்தில் எழுந்தது. ஒரு நிறுவனத்தின் எழுத்தர், சில்லறைச் செலவுக்கென இரண்டு பவுனுக்கு எழுதிய காசோலையில் முதலாளியின் கையொப்பம் பெற்றார். தொகையை எழுத்தால் குறிக்கும் இடம் வெறுமையாயிருந்தது. இலக்கத்தின் இருபுறமும் இடைவெளி இருந்தது. முன்னே ஒன்றும் பின்னே சுழியும் சேர்த்து 120 பவுன் பெற்றுக்கொண்டார். கவனமின்றிக் கையொப்பமிட்டவருக்கே நட்டம் என 1918-இல் பிரபுக்கள் சபை தீர்ப்பளித்தது.

மற்றொன்று நம் நாட்டில் கனரா வங்கி எதிர்கொண்ட வழக்கு. ஒரு நிறுவனத்தின் கணக்கர், நிர்வாக இயக்குநரின் கையொப்பத்தைப் போலியாக இட்டு 42 காசோலைகளுக்குப் பணம் பெற்றார். போலிக் கையொப்பம் வாடிக்கையாளரின் கட்டளையாகாது. நட்டம் வங்கியையே சாரும் என 1987-இல் உச்ச நீதிமன்றம் கூறியது.

2010-இல் ரிசர்வ் வங்கி வகுத்த நெறிப்படி அச்சான தாளை வெளிச்சத்தில் பிடித்தால் ‘சி.டி.எஸ். இந்தியா’ என்னும் நீர்க்குறி தெரியும். புற ஊதா ஒளியில் வங்கியின் சின்னம் மிளிரும். போலித் தாளைக் காண இவை உதவும். ஆனால் அவ்விரு வழக்குகளிலும் தாள் உண்மையானதே, பொய்த்தது கை. ஆகவே எண்ணும் எழுத்தும் ஒத்துள்ளனவா, மையோ கையெழுத்தோ இடையில் மாறுகிறதா, சுரண்டிய தடம் உண்டா என நோக்குங்கள். நீங்கள் எழுதும்போது, தொகையை ஓரத்தை ஒட்டித் தொடங்கி, ‘மட்டும்’ என முடித்து, எஞ்சிய இடத்தில் கோடிடுங்கள். கையொப்பம் அதன் பின்னரே.